எழுதாமல் விட்ட சொல்: பெர்த்தா லுட்ஸ் பற்றி ஒரு குறிப்பு

ஐநா சாசனத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு முரண் கண்ணில் பட்டது. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டன. கையெழுத்திட்டவர்களில் பெண்கள் நாலே பேர். அதில் ஒருவர் பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ். பிரேசில் அப்போதே ரொம்ப முற்போக்கான நாடு போலிருக்கு என்று நினைத்தால், அங்கேதான் இடிக்கிறது. 1938ல் வந்த ஒரு ஆணைப்படி அந்நாட்டு வெளியுறவுப் பணியில் பெண்கள் புதிதாகச் சேரவே முடியாது. அந்தக் கதவு மறுபடி திறந்தது 1954ல்தான். அப்படியானால் இந்த அம்மா எந்த வழியாக அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்?

1894ல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர். அப்பா அடோல்ஃபோ லுட்ஸ் பெயர்பெற்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், அம்மா ஆங்கிலேயச் செவிலியர். பாரிஸில் அறிவியல் படித்துவிட்டு 1918ல் ஊர் திரும்பினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் முன்னேறுவதால் பிரேசிலில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று பத்திரிகையில் ஒருவர் எழுத, அதற்கு மறுப்பு எழுதி, பெண்கள் சங்கமாகத் திரள வேண்டும் என்று அழைத்தார். அப்போது அவருக்கு 24 வயது. அடுத்த வருஷம் போட்டித் தேர்வு எழுதி ரியோ தேசிய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தவளைகளை ஆராய்வதும் பெண்ணுரிமைக்குப் போராடுவதும் கடைசிவரை கூடவே வந்தன. அவர் பெயரைத் தாங்கிய ஒரு தவளை இனம்கூட இருக்கிறது!

1922ல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த அனைத்து அமெரிக்கப் பெண்கள் மாநாட்டுக்குப் பிரேசில் சார்பில் போனார். திரும்பி வந்த கையோடு பெண்கள் முன்னேற்றத்துக்கான பிரேசில் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1929ல் பட்டதாரிப் பெண்களுக்கென்று தனி சங்கம். ஆக, அவருக்கு ராஜதந்திரம் கற்றுக்கொடுத்தது வெளியுறவு அமைச்சகம் இல்லை. சங்கம், மாநாடு, கடிதப் போக்குவரத்து, இவைதான் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பிரேசிலின் 1891 அரசியல் சாசனம் 21 வயது தாண்டிய "குடிமக்களுக்கு" வாக்குரிமை தந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போன்ற சிலரை விலக்கியது. அந்த விலக்குப் பட்டியலில் பெண்கள் இல்லை. ஆனாலும் பெண்களுக்கு ஓட்டுக் கிடைக்கவில்லை. "குடிமக்கள்" என்றால் ஆண்கள்தான் என்று பொருள் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் எழுதாமல் விட்ட சொல் யாருக்குச் சாதகமாகப் போகும் என்பதை லுட்ஸ் இளமையிலேயே பார்த்துவிட்டார்.

1932ல் வாக்குரிமை வந்தது. 1936ல் அவரே நாடாளுமன்றத்துக்குள் போனார். 1937 நவம்பரில் வர்காஸ் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார். அடுத்த வருஷம் வெளியுறவுப் பணியின் கதவும் சாத்தப்பட்டது. 1918லேயே ஒரு பெண் தேர்வு எழுதி உள்ளே போயிருந்த பணி அது! கிடைத்த உரிமை கையை விட்டுப் போகவும் செய்யும் என்பது இரண்டாவது பாடம்.

இந்த இரண்டு பாடத்தோடும்தான் 1945ல், 50 வயதில், அரசு நியமித்த பிரதிநிதியாக சான் பிரான்சிஸ்கோ போனார். ஐநா அமைப்புகளில் ஆண்களும் பெண்களும் சமமாகப் பங்கேற்கத் தடை இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்றார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க, பிரிட்டிஷ் குழுக்களில் இருந்த பெண்களிடமிருந்தும் வந்தது. பெண்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். சாசனத்தில் பெண்களுக்கென்று எதையும் கேட்பது நாகரிகமில்லை என்று அமெரிக்காவின் வெர்ஜினியா கில்டர்ஸ்லீவ் தன்னிடம் சொன்னதாக லுட்ஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, ஆஸ்திரேலியாவின் ஜெஸ்ஸி ஸ்ட்ரீட் போன்றவர்கள் துணை நின்றார்கள். இன்று சாசனத்தின் 8வது பிரிவாக அது இருக்கிறது.

பெண்களுக்குத் தனி ஆணையம் வேண்டும் என்றும் அங்கே கேட்டார்கள். 1946 ஜூனில் ஐநா பொருளாதார, சமூக மன்றம் அதை அமைத்தது. அப்போது மன்றத்தின் தலைவர் நம்ம ஆற்காடு ராமசாமி முதலியார். 1948ல் மனித உரிமைப் பிரகடன வரைவில் "எல்லா ஆண்களும்" என்றும் படிக்க இடம் தந்த ஆங்கிலச் சொல்லை, "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்ததில் இந்தியாவின் ஹன்சா மேத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் இதே சண்டைதான்.

லுட்ஸை முழுக்கக் கொண்டாடிவிடவும் முடியாது. 1932 சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். ஏழைப் பெண்கள், கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் வெளியேதான் நின்றார்கள். எழுத்தறிவில்லாதவர்களுக்கு ஓட்டுக் கிடைத்தது 1985ல். படித்த வீட்டுப் பெண்கள் கட்டிய இயக்கத்திலும் எழுதாமல் விட்டுப்போன பெயர்கள் இருந்தன.

1975ல் மெக்சிகோவில் ஐநாவின் முதல் உலகப் பெண்கள் மாநாடு நடந்தபோது, 80 வயதில் அங்கேயும் போய் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் காலமானார்.

இதே வாதம் இப்போது இளைஞர்கள் விஷயத்தில் நடக்கிறது. "மக்கள் என்றால் இளைஞர்களும்தானே, தனியாக எதற்கு?" அமைதி, பாதுகாப்பு விஷயங்களில் இளைஞர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட முதல் பாதுகாப்பு அவைத் தீர்மானம் (எண் 2250) வர 2015 ஆகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து இலங்கையின் ஜெயத்மா விக்ரமநாயக்க 26 வயதில் ஐநா பொதுச் செயலாளரின் இளைஞர் தூதரானார். "அதான் எல்லாரும்னு போட்டிருக்கே" என்று யாராவது சொன்னால், 1891ல் "குடிமக்கள்" என்று போட்டிருந்ததை ஒருதரம் ஞாபகப்படுத்துங்கள்.