ரோத் மாற்றம் (வருமான வரி)

ரோத் மாற்றம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் மரபுவழித் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு ஒன்றில் உள்ள பணத்தை ரோத் வகைக் கணக்கிற்கு மாற்றுவதைக் குறிக்கும். மரபுவழிக் கணக்கில் இடும் தொகைக்குப் பொதுவாக வரிக்கழிவு கிடைக்கும். பின்னர் எடுக்கும்போது வரி செலுத்தவேண்டும். ரோத் கணக்கில் வரி செலுத்திய பணமே இடப்படும். உரிய நிபந்தனைகள் நிறைவேறியபின் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. எனவே மாற்றப்படும் தொகையில் முன்னர் வரி செலுத்தப்படாத பகுதி, மாற்றம் நிகழும் ஆண்டின் வருமானமாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

ரோத் கணக்கு 1997 ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, 1998 இல் நடைமுறைக்கு வந்தது. டெலவேர் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ரோத் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 2009 வரை, ஆண்டு வருமானம் 100,000 டாலருக்கு மேற்பட்டோர் மாற்றம் செய்ய இயலவில்லை. இவ்வரம்பு 2010 இல் நீக்கப்பட்டது. செய்த மாற்றத்தைப் பின்னர் திரும்பப் பெறும் வசதி, 2017 ஆம் ஆண்டின் சட்டத்தால், 2018 முதல் செய்யப்படும் மாற்றங்களுக்கு இல்லாமற் போனது.

படிவங்கள்

* படிவம் 1099-ஆர்: கணக்கை வைத்திருக்கும் நிதி நிறுவனம் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அனுப்புவது. கணக்கிலிருந்து வெளியேறிய மொத்தத் தொகையை இது காட்டும். வரிக்குரிய தொகை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இது தீர்மானிப்பதில்லை.
* படிவம் 8606: வரி செலுத்துபவர் நிரப்புவது. வரிக்கழிவு பெறாமல் இட்ட தொகை (அடித்தொகை) முதற் பகுதியிலும், மாற்றம் இரண்டாம் பகுதியிலும் கணக்கிடப்படும். கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்பவேண்டும்.
* படிவம் 1040: முதன்மை வரி அறிக்கை. மொத்தத் தொகை 4ஏ வரியிலும், வரிக்குரிய தொகை 4பி வரியிலும் எழுதப்படும்.

விகிதாசார விதி

ஒருவர் தமது அடித்தொகையை மட்டும் தனியே பிரித்து மாற்ற இயலாது. அவருடைய மரபுவழிக் கணக்குகள் அனைத்தும் ஒரே கணக்காகக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் வரி செலுத்தப்படாத 63,000 டாலர் மரபுவழிக் கணக்கில் உள்ளது. அவர் வரிக்கழிவு பெறாமல் மேலும் 7,000 டாலர் இட்டு, 7,000 டாலரை ரோத் கணக்கிற்கு மாற்றுகிறார். இடையில் வளர்ச்சி இல்லை எனக் கொண்டால், மொத்தம் 70,000 டாலரில் அடித்தொகை 10% ஆகும். எனவே மாற்றிய தொகையில் 700 டாலருக்கு வரி இல்லை. 6,300 டாலர் வரிக்குரியது. எஞ்சிய அடித்தொகையான 6,300 டாலர் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லப்படும்.

படிவம் 8606 விடுபடுதல்

இப்படிவம் இணைக்கப்படாவிடின் 7,000 டாலர் முழுவதும் வரிக்குரியதாகக் கருதப்படக்கூடும். எஞ்சிய அடித்தொகைக்கும் பதிவு இராது. இதனால் ஏற்கனவே வரி செலுத்திய பணத்திற்கு மீண்டும் வரி செலுத்த நேரிடும். தக்க காரணமின்றி இப்படிவத்தைத் தாக்கல் செய்யாதிருந்தால் 50 டாலர் தண்டம் உண்டு. ஆகவே பழைய 8606 படிவங்களைக் கணக்கு முற்றிலும் தீரும்வரை பாதுகாத்து வைத்தல் அவசியம்.

பிற விதிகள்

* மாற்றம் டிசம்பர் 31 ஆம் நாளுக்குள் நிகழ்ந்தால் மட்டுமே அவ்வாண்டின் கணக்கில் சேரும்.
* முதியோர் ஆண்டுதோறும் கட்டாயமாக எடுக்கவேண்டிய தொகையை மாற்ற இயலாது.
* மாற்றும்போது வரிக்காகப் பிடித்துக்கொள்ளப்படும் தொகை ரோத் கணக்கைச் சென்றடைவதில்லை. 59½ வயது நிறையாதவருக்கு அத்தொகையின் வரிக்குரிய பகுதி மீது பொதுவாக 10% கூடுதல் வரி விதிக்கப்படும்.