ஜனவரி முதலாம் திகதி கைமாறும் பட்டியல்

2025 மே 7ஆம் திகதியிலிருந்து 10ஆம் திகதி வரைக்கும் நாலு நாள், நம்மட போன்ல வேற ஒரு கதையும் ஓடல்ல. ஏப்ரல் 22ஆம் திகதி காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலடி என்று இந்தியா பாகிஸ்தானுக்குள் ஏவுகணை வீசியது, பாகிஸ்தான் திருப்பி அடித்தது. வட்ஸ்அப் குரூப்களில் இதெல்லாம் மட்ச் ஸ்கோர் மாதிரித்தான் ஷெயார் ஆனது. யாருடைய விமானம் விழுந்தது, எத்தனை ட்ரோன் வந்தது என்று ஒரே வாக்குவாதம். இதற்கிடையில் ஒரு ஆறுதல் வசனமும் சுற்றித் திரிந்தது: "ரெண்டு பேர்ட்டயும் அணுகுண்டு இருக்கு, அதனால பெரிசா ஒண்டும் நடக்காது."

இது பேஸ்புக்கில் பிறந்த வாதம் இல்லை. கென்னத் வோல்ட்ஸ் என்ற அமெரிக்க அரசறிவியலாளர் 1981இலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அணுவாயுதம் உள்ள நாடுகள் பயத்தினாலேயே நிதானமாக நடந்துகொள்ளும் என்பது அவருடைய கருத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா நம்மட பக்கத்து வீடுகளின் வரலாறு வேற மாதிரிப் பேசுது. அந்த வரலாற்றில் இலங்கையும் வருது, கண்டியில் படித்த ஒருவரும் வருகிறார்.

1971இலிருந்து தொடங்குவோம்

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. உடனே இந்தியா தன் வான்பரப்பைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. அப்போது பாகிஸ்தான் இரண்டு துண்டாக இருந்தது, நடுவில் இந்தியா. மேற்கிலிருந்து கிழக்குக்குப் போன விமானங்கள் இந்தியாவைச் சுற்றிவந்து கட்டுநாயக்கவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. இந்தியாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது சிறிமாவோ அரசாங்கத்துக்கு இந்தியாவும் ஹெலிகொப்டர் அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. ரெண்டு பேரும் வேணும், ரெண்டு பேரையும் பகைக்கவும் ஏலாது. சின்ன நாட்டின் நிலைமை இதுதான்.

அதே வருஷம் ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐ.நா. பொதுச்சபையில் ஒரு யோசனை வைத்தார். இந்து சமுத்திரத்தை சமாதான வலயமாக அறிவிக்க வேண்டும், வல்லரசுகளின் அணுவாயுதங்களுக்கும் தளங்களுக்கும் இங்கே இடமில்லை என்றார். டிசம்பர் 16ஆம் திகதி அது 2832ஆம் இலக்கத் தீர்மானமாக நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு பூச்சியம், வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 55. அந்தத் திகதியைக் கவனியுங்க. டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் இந்தியாவிடம் சரணடைந்ததும் அதே நாளில்தான். சமாதான வலயம் என்று கடதாசியில் எழுதப்பட்டபோது அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் இந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது.

அந்தத் தோல்வி பாகிஸ்தானை மாற்றிப்போட்டது. சனத்தொகையில் பாதிக்கு மேல் பிரிந்து பங்களாதேஷ் ஆகிவிட்டது. 1972 ஜனவரியில் சுல்பிகார் அலி பூட்டோ முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி குண்டு செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1974 மே 18ஆம் திகதி இந்தியா பொக்ரானில் முதல் சோதனையை நடத்தியது. இந்தியாவுக்கும் ஒரு காரணம் இருந்தது. 1962 போரில் தன்னைத் தோற்கடித்த சீனா, 1964இல் அணுகுண்டு வெடித்தது. ஆக, சீனாவைப் பார்த்து இந்தியா, இந்தியாவைப் பார்த்து பாகிஸ்தான். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் மதிலை உயர்த்தினார்கள்.

பேராதனை வழியாக நியூயோர்க்

கெலிஓயாவிலிருந்து கண்டிப் பக்கம் பஸ் ஏறினால் முதலில் பேராதனை, பிறகு கண்டி டவுன். இந்த இரண்டு இடத்திலும் படித்த ஒருவர்தான் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் ஜயந்த தனபால. கண்டி திரித்துவக் கல்லூரி, பேராதனைப் பல்கலைக்கழகம், பிறகு வெளிநாட்டுச் சேவை. 2023இல் காலமானார். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அந்த ஒப்பந்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு பேரம் இருக்கு. ஐந்து நாடுகளிடம் குண்டு இருக்கும். ஆனால் அதைக் குறைத்து ஒழிக்கப் பேச வேண்டும். மற்றவர்கள் குண்டு செய்யக்கூடாது; பதிலுக்கு சமாதானத் தேவைக்கான அணுத் தொழில்நுட்பம் கிடைக்கும். 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்தவர்களுக்கு மட்டுமே அணுவாயுத நாடு என்ற அந்தஸ்து. சீனா உள்ளே, இந்தியா வெளியே. இது பாகுபாடு என்று இந்தியா கையெழுத்துப் போடவில்லை. இந்தியா போடாமல் நாங்கள் போட மாட்டோம் என்றது பாகிஸ்தான்.

ஒப்பந்தத்தின் ஆயுள் 25 வருஷம். அது முடிந்த 1995இல், நிரந்தரமாக நீடிப்பதா, இன்னும் சில காலத்துக்கா என்று தீர்மானிக்க 170க்கு மேற்பட்ட நாடுகள் நியூயோர்க்கில் கூடின. நிரந்தரமாக்கினால் அந்த ஐந்து பேரும் ஆயுதத்தைக் குறைக்காமல் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள் என்று வளர்முக நாடுகள் பலவற்றுக்குப் பயம். வாக்கெடுப்பு வைத்தால் பெரும்பான்மை கிடைத்திருக்கும். ஆனா தோற்றவர்களின் மனக்கசப்பே ஒப்பந்தத்தை அரித்துவிடும் என்று தனபால கணக்குப் போட்டார். நிரந்தர நீடிப்போடு ஆயுதக் குறைப்புக்கான இலக்குகளையும், இறுக்கமான மீளாய்வு முறையையும், மத்திய கிழக்கு பற்றிய தீர்மானத்தையும் ஒரே பொதியாகக் கட்டினார். 1995 மே 11ஆம் திகதி வாக்கெடுப்பு இல்லாமலேயே அது நிறைவேறியது.

சின்ன நாடுகள் கையில் இருந்த ஒரேயொரு பிடியையும் அன்றைக்கு விட்டுவிட்டோம் என்ற விமர்சனம் இன்னும் இருக்கு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஐந்து பேரும் இன்னும் குண்டோடுதான் இருக்கிறார்கள். பிற்காலத்தில் தனபாலவே இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார்.

சரியாக மூன்று வருஷம் கழித்து, 1998 மே 11ஆம் திகதி இந்தியா மறுபடியும் பொக்ரானில் வெடித்தது. 13ஆம் திகதி மீண்டும். பாகிஸ்தான் 28ஆம், 30ஆம் திகதிகளில் பதில் சொன்னது. அப்போது ஐ.நா.வில் ஆயுதக் களைவுக்குப் பொறுப்பான துணைப் பொதுச்செயலாளராக இருந்தவர் அதே தனபாலதான்.

கொழும்பில் ஒரு மேசை

இதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு அபூர்வமான மட்ச் நடந்தது. மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, உலகக் கிண்ணத்துக்கு கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. பாதுகாப்பு இருக்கு என்று காட்ட, 1996 பெப்ரவரி 13ஆம் திகதி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து இலங்கையோடு விளையாடின. அசாருதீன் கப்டன், சச்சினும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம்! குண்டு வெடித்த ஊரில் எதிரிகள் ஒன்றாக நின்ற நாள் அது.

1998 ஜூலை கடைசியில் அதே கொழும்புக்கு வாஜ்பாயும் நவாஸ் ஷெரீபும் சார்க் மாநாட்டுக்கு வந்தார்கள். அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அவர்களுடைய முதல் சந்திப்பு. பேச்சில் ஒரு முடிவும் வரவில்லை. ஆனா முகம் பார்த்துப் பேச ஒரு இடம் இருந்தது. செப்டெம்பரில் நியூயோர்க்கில் மறுபடியும் சந்தித்தார்கள். 1999 பெப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார், லாகூர் பிரகடனம் வந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, கார்கில் போர் தொடங்கியது. இந்தியத் தரப்பில் மட்டும் 500க்கு மேற்பட்ட படையினர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் குண்டு இருந்தும் போர் வந்தது. குண்டின் பாதுகாப்பில் ஒளிந்துகொண்டு சின்னப் போர் செய்யலாம் என்ற துணிச்சலைத்தான் அது கொடுத்தது. 2001 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு மாதக்கணக்கில் இலட்சக்கணக்கான படைகள் எல்லையில் எதிரெதிரே நின்றன. பிறகு 2019 பாலகோட், 2025.

வோல்ட்ஸ் பக்கமும் ஒரு உண்மை இருக்கு. 1971 மாதிரி முழுப் போர் ஒன்று 1998க்குப் பிறகு வரவில்லை. ஆனா பயம் மட்டும்தான் நிறுத்தியதா? 2025 மே 10ஆம் திகதி, தானே சண்டையை நிறுத்தியதாக ட்ரம்ப் அறிவித்தார். இல்லை, இரண்டு இராணுவத்தின் உயரதிகாரிகளும் போனில் பேசித்தான் நின்றது என்றது இந்தியா. யார் சொல்வது சரியோ, ரெண்டு கதையிலயும் முடித்து வைத்தது பேச்சுத்தான்.

அந்தப் பட்டியல்

1981இல் இஸ்ரேல் ஈராக்கின் அணு உலையைக் குண்டுபோட்டு அழித்தது. தங்கள் கஹூட்டா நிலையத்துக்கும் இந்தியா அதையே செய்யுமோ என்று பாகிஸ்தான் பயந்தது. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜெனரல் ஸியாவும் வாய்வார்த்தையாக ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1988 டிசம்பர் 31ஆம் திகதி இஸ்லாமாபாத்தில் ராஜீவும் பெனாசிர் பூட்டோவும் சந்தித்தபோது அது எழுத்தில் கையொப்பமானது. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்கக்கூடாது. அவை எங்கே இருக்கின்றன என்பதை வருஷா வருஷம் ஜனவரி 1ஆம் திகதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

1992இல் முதல் பட்டியல் கைமாறியது. கார்கில் முடிந்து ஆறு மாதத்தில், 2000 ஜனவரி 1ஆம் திகதியும் கைமாறியது. படைகள் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்ற 2002 ஜனவரி 1ஆம் திகதியும் கைமாறியது. பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் செய்தி அது. ஒருத்தரும் ஷெயார் பண்ண மாட்டோம்.

பயம் எவ்வளவு பெரிதானாலும், தவறுதல் நடந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2022 மார்ச் 9ஆம் திகதி இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவும் இல்லை. இதே விபத்து 2025 மே 9ஆம் திகதி நடந்திருந்தால்? அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் ஏவுகணை பறக்க அரை மணித்தியாலம் அளவில் ஆகும். இவர்களுக்கு சில நிமிடம்தான். சிப்ரி நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டில் இந்தியாவிடம் 180 அளவிலும் பாகிஸ்தானிடம் 170 அளவிலும் குண்டுகள் இருக்கின்றன. 100 ஹிரோஷிமா அளவுக் குண்டுகள் வெடித்தாலே புகை மேல் வளிமண்டலத்தில் வருஷக்கணக்கில் தங்கி, வெயிலும் மழையும் குறையும் என்று காலநிலை விஞ்ஞானிகள் 2007இலேயே கணித்தார்கள். மழை குறைந்தால் மகாவலியில் தண்ணீர் ஏது? அதை நம்பிய வயல் எங்கே? நாம் எந்த அணிக்குக் கைதட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் எனக்கு யார் வென்றது என்பதைவிட மேசை எங்கே போனது என்ற கேள்விதான் பெரிது. 2014இல் காத்மண்டுவில் நடந்ததற்குப் பிறகு ஒரு சார்க் உச்சி மாநாடுகூட நடக்கவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது உரி தாக்குதலோடு நின்றுபோனது. வாஜ்பாயும் ஷெரீபும் வந்து உட்கார 1998இல் கொழும்பில் ஒரு காரணம் இருந்தது. இப்போ அந்தக் காரணமும் இல்லை. பெரிய நாடுகளைக் கட்டிப்போட நம்மால ஏலாது. ஆனா உட்கார ஒரு இடம் கொடுக்கவும், பேச்சுக்கு வார்த்தை தேடிக் கொடுக்கவும் சின்ன நாடுகளுக்கு ஏலும் என்று 1971இலும் 1995இலும் 1998இலும் இலங்கை காட்டியிருக்கிறது.

அடுத்த ஜனவரி முதலாம் திகதி புதுவருஷ வாழ்த்துகளுக்கு நடுவே அந்த நாலு வரிச் செய்தி வந்திருக்கா என்று ஒருக்கா தேடிப் பாருங்க. வந்திருந்தா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கதவாவது இன்னும் பூட்டப்படல்ல என்று அர்த்தம்.