கட்டடமே நடிகன்: செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சிக்கு ஒரு முன்வரலாறு

டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். நகரின் டாலிகஞ்ச் பகுதியிலிருந்து ஊர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் அபர்தீன் பஜாரைத் தாண்டி மேடேறுவதற்குள் நன்றாக இருட்டிவிடுகிறது. விடுதலைப் போராட்டக்காரர்களை ஆங்கிலேயர் அடைத்துவைத்த செல்லுலார் சிறையின் முற்றத்தில் நாற்காலிகள் நிரம்புகின்றன. விளக்குகள் அணைந்ததும் முற்றத்து அரச மரம் பேசுகிறது. பல ஆண்டுகள் அந்த மரத்தின் குரலாக ஒலித்தவர் நடிகர் ஓம் பூரி.

மேடையில் ஒரு மனிதரும் இல்லை. ஒளியும் ஒலியும் கட்டடமும்தான் கதை சொல்கின்றன. இந்தக் கலைக்கு இரண்டு வேர்கள் உண்டு: ஒன்று பிரெஞ்சு அரண்மனை, மற்றொன்று வங்க நாடக மேடை.

1952-இல் பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் அதன் காப்பாளர் பால் ரொபேர்-ஊதான் முதல் ஒலி-ஒளிக் காட்சியை நடத்தினார். புகழ்பெற்ற மாயாஜாலக்காரர் ஒருவரின் வழிவந்தவர் அவர். 1961-இல் கீசா பிரமிடுகளுக்குச் சென்ற இவ்வடிவம், 1965-இல் தில்லி செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

ஒளியைத் தனிக்கலையாக ஆளும் திறன் அதற்கு முன்பே கல்கத்தாவில் உருவாகியிருந்தது. தாபஸ் சென் (1924–2006) அங்கு நாடகங்களுக்கு விளக்கமைத்துவந்தார். 1959-இல் நாடக இயக்குநர் உத்பல் தத் மினர்வா அரங்கில் ‘அங்கார்’ நாடகத்தை அரங்கேற்றினார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவதுதான் அதன் உச்சக் காட்சி. மேடையில் நீர் இல்லை. தாபஸ் சென்னின் ஒளிதான் வெள்ளமாக ஏறியது, இசை ரவிசங்கர். ‘சேது’ நாடகத்தில் இதே கலைஞர் ரயிலையே மேடைக்குக் கொண்டுவந்தார். 1974-இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற அவர், பின்னாளில் ஒலி-ஒளிக் காட்சிகளையும் வடிவமைத்தார்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் காட்சி தமிழர்களுக்கு நெடுநாள் பழக்கம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டுத் தூண்களுக்கிடையே அங்கு ஒலிப்பது கண்ணகியின் கதையும்தான். கதை ஒரு காலத்தது, கட்டடம் வேறு காலத்தது. அங்கே கட்டடம் அரங்கப் பின்னணியாக நிற்கிறது. அந்தமானில் அப்படியல்ல, கதை நடந்த சுவரின் மீதே ஒளி விழுகிறது.

அந்தச் சுவரும் ஒளியைக் கணக்கிட்டுக் கட்டியதுதான். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரிந்தன. ஒவ்வொரு கிளையின் முகப்பும் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி நின்றதால், கைதிக்கு இன்னொரு கைதியின் முகம் தெரியாது. பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி அறை. வெளிச்சத்துக்கு ஆளெட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். கைதிக்கு எவ்வளவு வானம் தெரியவேண்டும் என்பதைக்கூடக் கட்டடமே தீர்மானித்தது.

அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் 1960-களிலிருந்து ஒளியையும் வெற்றிடத்தையுமே கலைப்பொருளாக்கிவருகிறார். கூரையில் திறப்பு விட்ட அவரது அறைகளில் அமர்ந்து பார்வையாளர்கள் வானத்தை விரும்பிப் பார்க்கிறார்கள். செல்லுலார் சிறையும் மனிதரை அறைக்குள் வைத்து ஒரு துண்டு வானத்தைக் காட்டியது. ஆனால், வெளியே வரும் கதவு கைதியின் கையில் இல்லை.

சிறையின் ஒலி-ஒளிக் காட்சி இந்த அமைப்பையே திருப்பிப் போடுகிறது. கைதிகளைப் பிரித்துவைத்த இருட்டில் பார்வையாளர்கள் தோளோடு தோளாக அமர்கிறார்கள். காவலன் நின்ற கோபுரத்தை இப்போது அவர்கள் முற்றத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். வரிசையான கம்பிக் கதவுகளில் ஒளி ஊரும்போது, உள்ளே யாருமில்லை என்பதுதான் கண்ணில் படுகிறது.

ஏழு கிளைகளில் இன்று எஞ்சியவை மூன்றே. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சில இடிபட்டன. விடுதலைக்குப் பிறகு வேறு சில இடிக்கப்பட்டன. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் எஞ்சிய பகுதியைத் தேசிய நினைவகமாக அர்ப்பணித்தார். அதற்கு முன்பே, 1963-இல், இடித்த இடத்தில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை வந்துவிட்டது. காட்சி முடிந்து முற்றம் காலியான பிறகும் அங்கே வார்டுகளின் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன.