புறப்புண்

எம்.ஏ. வகுப்பில் புறநானூறு நடத்தும்போது தவறாமல் வருகிற இடம் அது. மகன் முதுகுகாட்டிச் செத்தான் என்று யாரோ சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் ஒரு முதியவள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகனின் உடல் சிதைந்து கிடக்கிறது. ஆனால் ஓடியவனின் உடல் அல்ல. பூரித்துப்போகிறாள். 'மறக்குடி மகளிர்' என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். வெண்ணியில் மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்துவிட்டதற்காக நாணி, வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனும் இதே பாடத்தில் வருவான்.

விழுப்புண், புறப்புண். உடம்பில் காயம் எந்தப் பக்கம் என்பதை வைத்து ஒருவன் மனிதனா இல்லையா என்று தீர்ப்பெழுதுகிற இருமை இது. அன்றைக்கு வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காயமே இல்லாமல் திரும்பினவன் எந்தக் கணக்கில் சேர்த்தி? தூக்கத்தில் அலறுகிறவன், கதவு சாத்துகிற சத்தத்துக்குச் சுவரோடு ஒண்டுகிறவன், பெண்டாட்டி பிள்ளைகளிடம் பேச்சற்றுப் போனவன், இவனைப் பார்க்க அந்தச் சொல்லாடலுக்குக் கண் இல்லை. இடமில்லாதவனைக் கோழை என்கிற பக்கமாகத் தள்ளிவிடுவது சுலபம்.

இந்த இருமையைப் பழந்தமிழின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். நவீன மருத்துவமும் இதைத்தான் செய்தது, முத்திரை குத்தி, கோப்பு போட்டு. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். பக்கத்தில் குண்டு வெடித்தபின் பார்வையும் ருசியும் மணமும் ஞாபகமும் கெட்டுப்போனவர்கள். சிப்பாய்களின் வாயில் புழங்கிக்கொண்டிருந்த 'ஷெல் ஷாக்' என்ற பெயர் இப்படித்தான் மருத்துவ ஏட்டில் ஏறியது. வெடியின் அதிர்வு நரம்பைக் கலக்கிவிடுகிறது என்பது அன்றைய ஊகம். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே ஊமைத்தனம் வந்தது.

அப்போது பிரிட்டிஷ் ராணுவம் என்ன செய்தது? வகை பிரித்தது. எதிரியின் குண்டால் வந்த கோளாறு என்றால் சீட்டில் 'டபிள்யூ', அதாவது காயம்பட்டவன். சட்டைக்கையில் காயப்பட்டை தைத்துக்கொள்ளலாம், பென்ஷன் உண்டு. குண்டு வெடிக்காமலே உடைந்துபோனவன் என்றால் 'எஸ்', வெறும் நோயாளி. பட்டையும் இல்லை, பென்ஷனும் இல்லை. விழுப்புண்ணும் புறப்புண்ணும் ஆங்கில எழுத்தில் மறுபிறவி எடுத்துவிட்டன. 1917இல் இதுவும் போய், 'இன்னும் கண்டறியப்படாதது, நரம்பு சார்ந்தது' என்று எழுதினால் போதும் என்று ஆயிற்று. 1922இல் ஒரு விசாரணைக் குழு 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே ஒழித்துவிடச் சொன்னது. பெயர் இருந்தால் பொறுப்பும் இருக்கும், காசும் கொடுக்க வேண்டும்.

இதற்குள்ளும் ஒரு சாதி இருந்தது. அதிகாரிக்கு வந்தால் 'நியூரஸ்தீனியா', நரம்புத் தளர்ச்சி. சாதாரணச் சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா', அதுவரை பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெயர். கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் போன்ற அதிகாரிகளோடு எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் உட்கார்ந்து பேசினார். லண்டனிலோ வாய் பேசாத சிப்பாயை அறைக்குள் பூட்டி, பேச்சு வருகிறவரை தொண்டையில் மின்சாரம் வைத்தார் லூயிஸ் யெல்லண்ட். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். 1916 அக்டோபரில் 'கோழைத்தனம்' என்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவிக்கு விதவைப் பென்ஷனும் மறுக்கப்பட்டது. அவரையும் சேர்த்து 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல், அதாவது தொண்ணூறு வருஷம் கழித்து.

காலனிய உடல் என்றால் கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்கே நம்பிக்கை கிடையாது. பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள் என்று சந்தேகம் கிளம்ப, பிரைட்டனில் இருந்த இந்தியர் மருத்துவமனையில் கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை அலசிப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கையில் ரத்தம் வழிந்தவனுக்கே இந்தக் கதி என்றால், மனசு உடைந்த சிப்பாய் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்?

இந்த நோய்க்கு இன்று நாம் அறிந்த பெயர் வந்தது 1980இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில். அது ஆய்வுக்கூடத்தில் பிறந்த பெயர் அல்ல. 1970இல் வியட்நாமிலிருந்து திரும்பி, போரை எதிர்த்த சிப்பாய்கள் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற உளமருத்துவர்கள் அவர்களோடு போய் உட்கார்ந்தார்கள். 1974இல் பாஸ்டனில் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற இருவர், வல்லுறவுக்கு ஆளான பெண்களிடமும் இதே கெட்ட கனவு, இதே திடுக்கிடல் இருப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் கேள்வி திரும்பியது. 'உன்னிடம் என்ன குறை?' என்று கேட்ட மருத்துவம், 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேட்க வேண்டியதாயிற்று. குற்றம் மனிதனின் குணத்தை விட்டு நிகழ்வுக்கு இடம் மாறியது.

ஆலன் யங் என்ற மானுடவியலாளர், இந்நோய் காலங்காலமாக இருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல, குறிப்பிட்ட நடைமுறைகளால் உருவாக்கப்பட்டது என்று 1995இல் வாதிட்டார். ஃபூக்கோவைப் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் நம்மில் சிலர் இங்கே அவசரப்படுகிறோம். பெயர் கட்டமைக்கப்பட்டது என்பதால் வலியும் கட்டுக்கதை ஆகிவிடுமா? 'எஸ்' என்று முத்திரை குத்தினவர்களும் சும்மா நடிக்கிறான் என்றுதானே சொன்னார்கள்? நான் கேட்பது வேறு. அந்தப் பெயர் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது? குண்டு போட்டுவிட்டு வந்த அமெரிக்கனுக்குப் பெயர் கிடைத்தது. குண்டு விழுந்த ஊரின் வியட்நாமியப் பெண் அந்த வட்டத்தில் இல்லை.

என் பெரியப்பா ஒருவர் 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். திரும்பி வந்தபின் பனங்காட்டு வழியாகப் போகமாட்டார். சொந்த வயலுக்கு ஒரு மைல் சுற்றிப் போவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 'மிலிட்டரி சரக்கு மூளைக்கு ஏறிட்டு' என்று ஊர் முடித்துக்கொண்டது. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இறந்தார். அந்தப் பனைகளுக்கு நடுவே அவர் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று இனிமேல் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பனைகளுக்குக் கீழே வீடு வைத்திருந்தவர்கள் சுற்றிப் போக வேறு வழி ஏது?

'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்து உளமருத்துவர். தனி ஒருவனின் மண்டைக்குள் இருக்கிற கோளாறாக மட்டும் இதைப் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே சிதைகின்றன, இது கூட்டு மனவடு என்று தொடர்ந்து எழுதிவந்தவர். மனவடு என்பது ஈழத்துத் தமிழ் நமக்குத் தந்த நல்ல சொல். புண் ஆறும், வடு நிற்கும். மேற்கத்தியப் பெயரில் உள்ள 'பின்' என்ற முன்னொட்டு இந்தச் சொல்லில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிகழ்வு முடிந்தது, பிறகு நோய் வந்தது என்பது அந்தப் பெயரின் காலக்கணக்கு. போர் 2009இல் முடிந்தது என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படத்தோடு தெருவில் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு எது 'பின்'? உடல் இல்லாமல் எட்டுச் செலவு எப்படிச் செய்வது, அந்தியேட்டி யாருக்குச் செய்வது? செய்தால் பிள்ளையைத் தானே கொன்றதாகிவிடும். செய்யாவிட்டால் சாவு முடியாது. இவர்களுக்கு மாத்திரை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் 'என் பிள்ளை எங்கே?' என்ற கேள்வியை நோய்க்குறி என்று எழுதிவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு தப்பித்துவிடும்.

களத்தில் பிணம் புரட்டிய அந்தப் புறநானூற்றுக் கிழவிக்கு மகனின் உடலாவது கிடைத்தது. அவள் பூரித்ததைப் பாடம் நடத்துகிறோம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் எப்படித் தூங்கினாள் என்று ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை.