கல் பொறுக்கின எலைசா அம்மா

அமெரிக்காவுல கேன்சஸ் மாநிலம்னா கண்ணுக்கெட்டின தூரம் வயல்வெளிதான். அங்க ஹேவிலண்ட் பக்கம் 1885-ல் பண்ணை வாழ்க்கையை ஆரம்பிச்சவங்க எலைசா கிம்பர்லி. உழும்போது கலப்பையில கறுப்பா, அசாத்திய கனமா கல்லு மாட்டும். மத்தவங்க அதை வைக்கோல் போர் காத்துல பறக்காம இருக்க பாரமா வைப்பாங்க. எலைசா மட்டும் சேர்த்து வச்சாங்க. பள்ளிக்கூட நாள்ல ஒரு விண்கல்லைப் பார்த்த ஞாபகம்!

ஊரே சிரிச்சுது, வீட்டுக்காரர் உட்பட. அவங்க அசரலை. அறிஞர்களுக்குக் கடிதமா எழுதித் தள்ளினாங்க. 1890-ல்தான் வாஷ்பர்ன் கல்லூரிப் பேராசிரியர் கிராகின் வந்து பார்த்து, நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து சில கற்களை வாங்கிட்டுப் போனார்.

அந்த ரகத்துக்குப் பேரு பல்லசைட். இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்குள்ள ஆலிவின் படிகங்கள் பதிஞ்சிருக்கும். மெல்லிசா அறுத்து வெளிச்சத்துல பிடிச்சா தேன் நிறத்துல மின்னும். தெளிவான ஆலிவின்தான் நகைக்கடையில 'பெரிடாட்'.

1772-ல் சைபீரியாவுல இப்படி ஒரு கல்லைப் பார்த்து எழுதின பீட்டர் பல்லாஸ் பேருதான் ரகத்துக்கு. அதைக் கண்டுபிடிச்சு வீடு வரைக்கும் கொண்டுவந்த கொல்லர் மெத்வெதேவ் பேரு இல்லை. விண்கல்லுக்கு இடத்தோட பேரு வைக்கிறது வழக்கம்ங்கிறதால, எலைசாவோட கல்லும் 'பிரென்ஹம்' ஆயிடுச்சு.

2005-ல் அதே பகுதியில ஸ்டீவ் ஆர்னால்ட் சுமார் 650 கிலோ கல்லைத் தோண்டி எடுத்தார், உலோகம் கண்டுபிடிக்கிற கருவியோட. எலைசாகிட்ட இருந்தது கண்ணும் பிடிவாதமும்தான்.

கட்டுரையில யார் பேரு முதல்ல வரணும்னு அடிச்சுக்கிற என்னை மாதிரி மாணவர்கள் இவங்களைத் தெரிஞ்சுக்கணுங்க!