மூப்படைந்த நகர நெடுஞ்சாலைக்குத் தனி ஆணையம்: புரூக்ளின்–குயின்ஸ் விரைவுச்சாலையை முன்வைத்து

முன்னுரை

நியூயார்க்கின் புரூக்ளின்–குயின்ஸ் விரைவுச்சாலையில், அட்லாண்டிக் அவென்யூ முதல் சாண்ட்ஸ் தெரு வரையிலான சுமார் 2.4 கி.மீ. பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். அதன் இரு முனைகளிலும் தொடரும் சாலையோ மாநில அரசின் பொறுப்பு. இச்சாலை முழுவதையும் ஒரே பொது ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆணையத்தின் அதிகாரம் பராமரிப்பையும் புனரமைப்பையும் தாண்டக் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சிதைவும் சிதறிய பொறுப்பும்

புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் இச்சாலை, சரிவிலிருந்து கான்டிலீவர் முறையில் (ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு) நீளும் இரண்டு தளங்களில் ஓடுகிறது. மூன்றாம் தளம் மக்கள் உலவும் நடைமேடை. நகரின் பெருஞ்சாலைகளைத் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸின் காலத்தில் கட்டப்பட்டு 1950களில் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கட்டமைப்பு, நாளொன்றுக்குச் சுமார் 47,000 வாகனங்களுக்கென வடிவமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் மீது ஓடியவை 1,50,000-க்கும் மேல். குளிர்காலத்தில் பனியை உருக்கத் தூவும் உப்பு, நீரோடு கலந்து இணைப்பு இடைவெளிகள் வழியே கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவின் வழியே மேலும் நீர் இறங்குகிறது. அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள லாரிகள் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன.

புனரமைப்பின்போது நடைமேடை இருக்கும் இடத்தில் தற்காலிகச் சாலை அமைக்க மாநகராட்சி 2018இல் முன்வைத்த திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2020இல் வல்லுநர் குழு இக்கட்டமைப்பின் நிலை பற்றி எச்சரித்ததையடுத்து, 2021இல் ஒவ்வொரு திசையிலும் மூன்று தடங்கள் இரண்டாயின. ஓடும் லாரியின் எடையைச் சாலையில் பதித்த உணரிகளால் அறிந்து அபராதம் விதிக்கும் முறை 2023 நவம்பரில்தான் தொடங்கியது. மாநகராட்சி தன் சொந்தச் சாலையில் இதைச் செய்வதற்கே மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பழுதைச் சுமப்பவர் ஒருவர், அதைத் தடுக்கும் அதிகாரம் உடையவர் வேறொருவர் என்ற நிலையில் ஒவ்வொரு நடவடிக்கையும் பேச்சுவார்த்தைக்குக் காத்துக் கிடக்கிறது.

காத்திருப்பதன் விலையை இந்நகரம் அறியும். 1973 டிசம்பரில் மன்ஹாட்டனின் மேற்குப் பக்க உயர்மட்டச் சாலையில், அச்சாலையைச் செப்பனிடத் தார்க் கலவை ஏற்றிச் சென்ற லாரியின் கீழேயே சாலைத் தளம் இடிந்து விழுந்தது.

மோசஸ் விட்டுச்சென்ற அச்சம்

ஆணையம் என்றதும் எழும் எதிர்ப்பு நியாயமானதே. 1933இல் அமைந்த டிரைபரோ பால ஆணையம், கடனை அடைத்ததும் கலைந்துவிடும் என்று கருதப்பட்டது. அதன் தலைவரான மோசஸ் சுங்க உபரியைக் காட்டிப் புதிய கடன் பத்திரங்களை வெளியிட்டார். பத்திரதாரர்களுடனான ஒப்பந்தங்களை அரசு மீற முடியாதென்பதால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால் அவரைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1968இல் டிரைபரோ ஆணையம் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் வந்த பிறகே அந்தத் தனியாட்சி முடிந்தது. இவ்வரலாற்றுக்காக ஆணையத்தையே மறுப்பது, சிதறிய பொறுப்பை நிரந்தரமாக்குவதாகும். அதிகாரத்தின் வரம்பைச் சட்டத்திலேயே எழுதுவதுதான் மாற்று வழி.

மாநிலப் போக்குவரத்துத் துறையே முழுச் சாலையையும் ஏற்கலாமே என்பது மற்றொரு வாதம். அது பொறுப்பை ஒன்றாக்கும். ஆனால் பணத்தை உறுதிப்படுத்தாது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் போட்டியிடும் பராமரிப்புச் செலவு, புதிய பணிகளுக்கு எளிதில் வழிவிட்டு ஒத்திப்போடப்படும்.

ஆணையத்தின் வரம்புகள்

கடன் வாங்கவும் கட்டணம் வசூலிக்கவும் உரிமையுள்ள பொது நிறுவனத்தை நியூயார்க் அரசமைப்பின்படி மாநிலச் சட்டமன்றத்தின் தனிச் சட்டமே உருவாக்க முடியும். அச்சட்டத்தில் நான்கு விதிகள் தேவை. முதலாவது, இச்சாலையின் ஆய்வும் பழுதுநீக்கமும் ஒரே கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, மாநிலமும் மாநகராட்சியும் ஆண்டுதோறும் தர வேண்டிய தொகையைச் சட்டமே நிர்ணயிக்க வேண்டும். இச்சாலை போன்ற, ஏற்கெனவே உள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் சுங்கம் வசூலிப்பதைக் கூட்டரசுச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதால், வாகனக் கட்டணத்தை மட்டும் நம்ப முடியாது. மூன்றாவது, சாலையை அகலப்படுத்தத் தடையும், ஆணையத்தின் ஆயுளுக்கு முடிவுநாளும் வேண்டும். நான்காவது, ஆட்சிக் குழுவில் சாலையோர மக்களுக்கு வாக்குரிமை வேண்டும். இச்சாலை கட்டப்பட்டபோது புரூக்ளின் ஹைட்ஸுக்கு நடைமேடை கிடைத்தது. வில்லியம்ஸ்பர்க் பகுதியோ பள்ளச் சாலையால் பிளக்கப்பட்டது, ரெட் ஹுக் அண்டைப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. அந்த அநீதிக்கு ஈடு செய்யாத புனரமைப்பு முழுமையாகாது.

முடிவுரை

கான்டிலீவரின் இடத்தில் சுரங்கமா, பூங்காவா, சிறிய சாலையா என்பதை நகரம் இன்னும் விவாதிக்கலாம். எந்த விடையையும் நிறைவேற்றவும் அதுவரை பழைய சாலையைப் பாதுகாக்கவும் கடமைப்பட்ட ஓர் அமைப்பு முதலில் வேண்டும். வரைபடத்தை முடிவு செய்துவிட்டுப் பொறுப்பாளரைத் தேடும் இன்றைய வரிசையைச் சட்டமன்றம் தலைகீழாக்க வேண்டும்.