ஒலியற்ற ஆறு: வகாசா நீரும் நாராக் கிணறும்

ஜப்பானின் வகாசாவிலிருந்து நாராவுக்குப் பூமிக்கடியில் தண்ணீர் போகிறது என்ற நம்பிக்கையைப் பாரசீகத்தோடு முடிச்சுப் போட்டவர் ஈரானியல் அறிஞர் இத்தோ கிக்யோ. பாரசீகப் பண்பாடு ஜப்பானுக்கு வந்தது பற்றி 1980இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகு, அந்த முடிச்சைத் தொடாமல் அந்த நீரை அனுப்பும் சடங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முடிச்சு அவிழும் என்பது என் கட்சி.

சடங்கு தெரிந்ததுதான். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 2ஆம் தேதி, பழைய வகாசாவில், இன்றைய ஃபுகுய் மாநிலத்தின் ஒபாமா ஊர்ப்புறத்தில் உள்ள ஜிங்கூஜி கோயிலின் ஊற்றுநீரைத் தீப்பந்தங்களோடு எடுத்துச் சென்று ஒன்யூ ஆற்றின் ஊனோசே மடுவில் ஊற்றுகிறார்கள். பத்து நாளில் அது நாராவின் தோதாய்ஜி கோயிலை அடையும் என்பது நம்பிக்கை. அங்கே நிகத்சுதோ மண்டபத்தின் கீழே இருக்கும் வகாசாக் கிணற்றில் 12ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நீர் எடுக்கிறார்கள். இடையே சுமார் 90 கிலோமீட்டர்.

இத்தோவின் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. நிகத்சுதோ நோன்பைத் தொடங்கிய துறவி ஜிச்சூ ஒரு பாரசீகர்; அந்தப் பெயரே 'அயலான்' என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்பது முதல் கால். நிலத்தடி நீர்வழி என்பது ஈரானியக் கனாத்தின், அதாவது மலையடியின் நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவரும் முறையின் நினைவு என்பது இரண்டாவது. முதல் காலை நான் உதைக்கப் போவதில்லை. 736இல் சீனத்திலிருந்து திரும்பிய தூதுக்குழுவோடு ஒரு பாரசீகர் வந்ததை அரசவை வரலாறே சொல்கிறது. 765ஆம் ஆண்டு மரச்சீட்டு ஒன்றில் பாரசீகர் எனக் கருதத்தக்க அதிகாரி ஒருவரின் பெயர் இருப்பது 2016இல் அகச்சிவப்புக் கதிர்ப் படத்தில் தெரியவந்தது. ஆகவே எட்டாம் நூற்றாண்டு நாராவில் பாரசீகர் நடமாடினார்கள். ஜிச்சூ அவர்களில் ஒருவர் என்பதற்குப் பெயரின் ஒலியைத் தவிர வேறு சான்று இல்லை. பெயரொலியை வைத்து ஊர் சொல்வது நமக்கும் பழகிய ஆட்டம்தான். எப்படிப் போட்டாலும் விழும்.

என் சண்டை கனாத்தோடு. கதையின் பழைய வடிவம் 'தோதாய்ஜி யோரோக்கு' என்ற கோயில் தொகுப்பில் இருக்கிறது. 1106இல் தொகுத்து 1134இல் விரித்தது. இந்தப் பகுதி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பிரிப்பது எளிதல்ல. கதை இது. ஜிச்சூ தெய்வங்களின் பெயர்ப் பட்டியலை ஓதி அழைக்கிறார். எல்லாத் தெய்வங்களும் போட்டி போட்டுக்கொண்டு வர, வகாசாவின் ஒன்யூ தெய்வம் மட்டும் மீன்பிடியில் மயங்கித் தாமதமாக வருகிறது. நோன்பின் ஓசை கேட்டு மகிழ்ந்து, மண்டபத்தருகே அர்ப்பண நீர் தருவதாகச் சொல்கிறது. உடனே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நீர்க்காகங்கள் பாறையைத் துளைத்து வெளிவந்து மரத்தில் அமர்கின்றன. அவை வந்த தடத்தில் இனிய நீர் ஊறுகிறது. தாமதத்துக்கு மன்னிப்பாகத் தெய்வம் நீர் தந்தது என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறார்கள். யோரோக்கு சொல்வது மகிழ்ச்சியை.

அடுத்து வருவதைத்தான் இத்தோவின் வழி நடப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தெய்வத்தின் முன்னே பேரிரைச்சலோடு ஓடிய பெரிய ஆறு ஒன்று இருந்தது. நீரைக் காணிக்கையாகக் கொடுத்ததால் அதன் கீழ்ப்பகுதி சட்டென்று வற்றிப்போனது. அதனால் ஊரார் அதை 'ஒதொனாஷி', ஒலியற்ற ஆறு என்கிறார்கள். இவ்வளவுதான். இங்கே சுரங்கமும் இல்லை, பத்து நாள் பயணமும் இல்லை. இங்கிருந்து எடுத்து அங்கே கொடுத்தாயிற்று. கொடுத்த இடம் காய்ந்துவிட்டது. கனாத் கட்டியவனுக்குத் தன் ஆறு வற்றிய கதை எதற்கு?

பறவைகள் நிலத்துக்கடியிலிருந்துதானே வந்தன என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அவை துளைத்ததாகச் சொல்லப்படுவது கடைசிப் பாறை ஒன்றுதான். ஒபாமாவிலிருந்து அவை நீந்தி வந்தன என்று பனுவல் சொல்லவில்லை. நாம்தான் இட்டு நிரப்புகிறோம்.

எனக்குப் படுவது இது: இதன் அடியில் இருப்பது திறைக் கதை. வகாசா அரசவைக்கு உணவு அனுப்பிய மாநிலம். அன்றைய தலைநகர் நாராவின் ஹெய்ஜோ அரண்மனைப் பகுதியில் கிடைத்த மரச்சீட்டுகளில் ஒன்யூ மாவட்டத்து உப்புச்சீட்டுகள் பல. கைக்கு அடங்கும் ஒரு மரத்துண்டு. மேலே மாநிலம், மாவட்டம், ஊர், கொடுத்தவன் பெயர். கீழே வரி உப்பு மூன்று 'தோ' என்ற அளவு. மூட்டையில் கட்டுவதற்கு ஓரத்தில் வெட்டுக்காடி. மாவட்டத்தின் பெயருக்குப் பழைய சீட்டுகளில் 'சிறு செம்மண் விளையும் இடம்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் வரும். பிந்தியவற்றில் இன்றைய இரண்டு எழுத்துகள். உப்பும் மீனும் போன திசையில்தான் தெய்வமும் போகிறது, மீன்பிடித்துவிட்டுத் தாமதமாக. வகாசாக்காரன் தலைநகருக்குக் கொண்டுபோகாதது தண்ணீர் ஒன்றுதான். கதை அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சீட்டுகளுக்கும் யோரோக்குவுக்கும் இடையே மூன்று நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி என்பதை மறைக்கவில்லை. அதை நான் தாண்டித்தான் குதிக்கிறேன். இத்தோவின் குதிப்பு ஈரான் வரை போகிறது. என்னுடையது மலைக்கு அந்தப் பக்கம்.

தண்ணீர்க் கதை ஜிச்சூவின் காலத்ததா என்பதே ஐயம். அவருடைய பணிகளை 29 கூறுகளாக அடுக்கும், 815ஆம் ஆண்டு தேதியிட்ட ஆவணம் ஒன்று அதே யோரோக்குவில் இருக்கிறது. பதினொரு முகக் கன்னோன் போதிசத்துவர் முன் செய்த நோன்பும் அதில் ஒரு கூறு. 752 முதல் 809 வரை, ஆக எழுபது ஆண்டு, இரண்டாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து இரண்டு வாரம் என்று கணக்கு. தண்ணீர் பற்றி ஒரு சொல் இல்லை. 752 முதல் 809 வரை எண்ணினால் 58தான் வருகிறது. எழுத்தர் கைப்பிழையா, இறுதி ஆண்டு மாறிவிட்டதா? இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். எனக்கு முடிவு இல்லை.

கிணற்றில் அயல்நாட்டுச் சரக்கு வேண்டுமென்றால் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஜிங்கூஜி ஊற்றையும் நாராக் கிணற்றையும் 'அகாயி' என்பார்கள். 'இ' என்றால் கிணறு; 'அகா' நம் அர்க்கியம், சீன எழுத்து வழியாகப் போனது. பாரசீகர் வந்த அதே 736ஆம் ஆண்டுத் தூதுக்குழுவோடுதான், பிறகு 752இல் தோதாய்ஜியின் பெரிய புத்தருக்குக் கண் திறந்த தென்னிந்தியப் பிராமணர் போதிசேனரும் வந்தார். இதை வைத்து நான் ஒரு புத்தகம் எழுதினால் என்னையும் யாராவது மறுக்க வேண்டியிருக்கும்.

அனுப்பும் சடங்கின் வயதுதான் மிச்சம். யோரோக்குவின் இந்தப் பகுதியில் ஜிங்கூஜியின் பெயர் இல்லை. கோயில் 714இல் தோன்றியதாக மரபு சொல்கிறது. நிற்கும் மூலமண்டபம் 1553இல் அசாகுரா யோஷிகாகே எடுப்பித்தது. பெறுகிறவர்களின் ஏட்டில் மட்டுமே இருந்த கதைக்குக் கொடுக்கிறவர்கள் தங்கள் பங்கை எப்போது சேர்த்தார்கள்? மண்டபத்தின் தேதி இதற்கு உதவாது. ஊனோசேயில் ஊற்றும் நீர் கண்ணெதிரே போகும் திசையும் உதவாது: ஒன்யூ ஆறு வடக்கே, வகாசா விரிகுடாவை நோக்கி ஓடுகிறது. நாரா இருப்பது தெற்கே.